நாய் மார்க் கம்பெனியின் வீடியோ கேசட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பழைய வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். வருகிறதில் பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா கேசட்டுகள்தான். ஆனால் வால்பாறை, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறவர்களும், எண்பதுகளில் பனியன் ஏற்றுமதி வேலையாக வெளிநாடு போய்வந்த திருப்பூர்க் குடும்பத்தாரும் கொண்டுவரும் பைகளில் முதுகில் ‘தார்ன் ஈ.எம்.ஐ. வீடியோ’ என்று அச்சிட்ட ஆங்கிலப் படக் கேசட்டுகள் அடிக்கடி வந்து சேர்கின்றன. அதைப் பார்த்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால், விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, ஈ.எம்.ஐ.ன்னா நம்ம ஹெச்.எம்.வி. கம்பெனிங்களா?

ஆமாங்க, அதன் தாய்க் கம்பெனி. லண்டனில் இருந்த கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனியும் 1931-ல் ஒன்றாகச் சேர்ந்து உருவானதுதான் ஈ.எம்.ஐ. கிராமபோன் குழாய்க்கு முன்னால் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாய் அந்த கிராமபோன் கம்பெனியின் முத்திரை. ஃபிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் வரைந்த படம் அது. நாயின் பெயர் நிப்பர். நம் ஊர்க் கோயில் நோம்பியிலும் கல்யாண வீட்டிலும் மைக் செட்காரர் வைத்திருந்த இசைத்தட்டுகளில் சுற்றியது இதே நாய்தான். அவை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் இருந்த தொழிற்சாலையில் தயாரானவை.

‘தார்ன்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். தார்ன் எலெக்ட்ரிக்கல் என்பது பல்பும் டிவியும் செய்த பிரிட்டிஷ் கம்பெனி. ஈ.எம்.ஐ.யின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்காக 1979-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஸ்கேன் வியாபாரத்தில், முக்கியமாக அமெரிக்கச் சந்தையில், கம்பெனி பலத்த நஷ்டப்பட்டது. நோபல் கிடைத்த அதே ஆண்டில் ஈ.எம்.ஐ.யை தார்ன் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து பெயர் தார்ன் ஈ.எம்.ஐ.

பாட்டுத் தட்டு கம்பெனிக்கு சினிமாப் படங்கள் எங்கிருந்து வந்தன?

விலைக்கு வாங்கியவை. 1969-ல் அசோசியேட்டட் பிரிட்டிஷ் பிக்சர் கார்ப்பரேஷன் என்ற பழைய படக் கம்பெனியை ஈ.எம்.ஐ. வாங்கியது. அதோடு எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ வந்தது, நாடு முழுக்க ஏ.பி.சி. தியேட்டர்கள் வந்தன, அந்தக் கம்பெனி பல பத்தாண்டுகளாக எடுத்துச் சேர்த்த படங்களும் வந்தன. 1976-ல் பிரிட்டிஷ் லயன் கம்பெனியும் சேர்ந்தது. இப்படிச் சேர்ந்த படங்கள் 2,000-க்கு மேல்.

அன்றைக்கு அந்தப் பழைய படங்களுக்குப் பெரிய மதிப்பு இல்லை. தியேட்டரில் ஓடி முடித்த படத்தை எப்போதாவது டிவிக்காரர்கள் வாங்கினால் உண்டு. இல்லையென்றால் பெட்டிகளில் தூங்க வேண்டியதுதான். கேசட் வந்ததும்தான் நிலைமை மாறியது.

வீடியோவில் இறங்க அவர்களுக்கு என்ன வசதி இருந்தது?

எல்லா வசதியும் இருந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் இடமே இதுதான்.

வீட்டில் உட்கார்ந்து ஒருவர் கேசட்டில் படம் பார்க்க என்னென்ன வேண்டும்? முதலில் படம் வேண்டும். அது எல்ஸ்ட்ரீ வகையில் கையில் இருந்தது. கேசட்டைப் போட டெக் வேண்டும். தார்னுக்குச் சொந்தமான ஃபெர்குசன் பிராண்டில், ஜப்பானின் ஜே.வி.சி. செய்த, வி.எச்.எஸ். என்ற கேசட் முறையில் ஓடும் டெக்குகள் 1978 முதலே பிரிட்டனில் விற்பனைக்கு வந்துவிட்டன. பிறகு ஜே.வி.சி., தார்ன் ஈ.எம்.ஐ., ஜெர்மனியின் டெலிஃபங்கன் மூன்றும் சேர்ந்து ஜே.2.டி. என்ற கூட்டுக் கம்பெனி தொடங்கி, ஐரோப்பாவிலேயே டெக் தயாரித்தார்கள். அன்றைய விலைக்கு எல்லோராலும் டெக் வாங்க முடியாதே? அதற்கும் வழி இருந்தது. பிரிட்டனில் டிவியையும் டெக்கையும் மாத வாடகைக்கு விடும் ரேடியோ ரென்டல்ஸ் கடைகள் தார்னுடையவை. கேசட்டை விற்க ஹெச்.எம்.வி. கடைகள் ஈ.எம்.ஐ.யுடையவை.

நம் ஊரில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டெக்கையும் டிவியையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, திண்ணையில் வைத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். படத்துக்கு ஒருவர், டெக்குக்கு ஒருவர், கேசட் லைப்ரரிக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் செய்த வேலை அது. லண்டனில் அத்தனையும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் தார்ன் ஈ.எம்.ஐ. வீடியோ கடைக்கு வந்தபோது, அந்த நாட்டில் அதைவிட நல்ல தொடக்கம் யாருக்கும் அமைந்திருக்கவில்லை என்பது என் எண்ணம்.

வி.எச்.எஸ். கேசட்டுக்கும் அந்த நாய்க்கும் ஏதோ சம்பந்தம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அமெரிக்காவில் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி என்று ஒன்று இருந்தது. அதுவும் அதே நாய்ப் படத்தை முத்திரையாக வைத்திருந்தது. அந்தக் கம்பெனி 1927-ல் ஜப்பானில் ஒரு கிளை தொடங்கியது. அதுதான் விக்டர் கம்பெனி ஆஃப் ஜப்பான், சுருக்கமாக ஜே.வி.சி. அமெரிக்கத் தாய்க் கம்பெனியை 1929-ல் ஆர்.சி.ஏ. என்ற ரேடியோ கம்பெனி வாங்கியது. ஆக பிரிட்டனில் ஹெச்.எம்.வி., அமெரிக்காவில் ஆர்.சி.ஏ., ஜப்பானில் ஜே.வி.சி. ஆகிய மூன்று வீட்டு வாசலிலும் ஒரே நாய். ஜே.வி.சி. 1976-ல் வெளியிட்டதுதான் வி.எச்.எஸ். நீங்கள் கையில் வைத்திருக்கும் கேசட் இசைத்தட்டுக் குடும்பத்தின் நேர் வாரிசு.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கே நாடாவின் மேல் முழு நம்பிக்கை இருக்கவில்லை. அவர்கள் பழகியது தட்டு. இசைத்தட்டை அச்சில் வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒன்று தயார். கேசட் அப்படி இல்லை. இரண்டு மணி நேரப் படத்தைப் பிரதி எடுக்க அன்று இரண்டு மணி நேரமே ஓட வேண்டும்; நூற்றுக்கணக்கான டெக்குகளை அடுக்கி வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். ஆட்கூலி, நாடாவின் விலை, இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒரு கேசட்டின் அடக்கவிலை ஏறியது. அதனால் படத்தையும் தட்டில் அழுத்திவிடலாம் என்று ஒவ்வொரு இசைத்தட்டுக் குடும்பமும் தனித்தனியே ஆசைப்பட்டது.

ஆர்.சி.ஏ. 1981-ல் செலக்டாவிஷன் என்ற வீடியோ தட்டைக் கொண்டுவந்தது. கிராமபோன் போலவே பள்ளத்தில் ஊசி ஓடும் தட்டு. மூன்றே ஆண்டில், 1984 ஏப்ரலில், தட்டு ஓட்டும் இயந்திரங்களைச் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். அதற்குள் சுமார் 58 கோடி டாலர் போய்விட்டது. பாலிகிராம் இசைக் கம்பெனியில் பெரும் பங்கு வைத்திருந்த பிலிப்ஸ், லேசர் ஒளியில் படிக்கும் தட்டை எம்.சி.ஏ. என்ற அமெரிக்கப் படக் கம்பெனியுடன் சேர்ந்து கொண்டுவந்தது. ஜே.வி.சி.யோ வி.எச்.டி. என்று மூன்றாவதாக ஒரு தட்டு வைத்திருந்தது. தார்ன் ஈ.எம்.ஐ. இந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் வி.எச்.டி. 1983-ல் கடைக்கு வந்தது. பிரிட்டனில் வீட்டு உபயோகத்துக்கு வராமலே திட்டம் கைவிடப்பட்டது.

மக்களுக்கு வேண்டியிருந்தது பதிவும் செய்யக்கூடிய இயந்திரம். தட்டில் பார்க்க மட்டும்தான் முடியும். டிவியில் வருவதைப் பிடித்து வைத்து, பிறகு ஆற அமரப் பார்க்கும் சுகம் கேசட்டில்தான் இருந்தது. அச்சில் அழுத்திப் பழகிய கம்பெனிகள் தயாரிப்புச் செலவைத்தான் பார்த்தன. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் அதை வைத்து என்ன செய்வார் என்று பார்க்கவில்லை.

பிரிட்டனில் இவர்கள் கேசட் ஒன்றை போலீஸ் பறிமுதல் செய்ததாமே?

‘தி பர்னிங்’ என்ற அமெரிக்கத் திகில் படம். தியேட்டருக்கான தணிக்கையில் சில விநாடிகள் வெட்டப்பட்ட படம் அது. தார்ன் ஈ.எம்.ஐ. கேசட்டாக வெளியிட்டபோது வெட்டாத பிரதி கடைக்குப் போய்விட்டது. அப்போது பிரிட்டனில் வீடியோவுக்கென்று கட்டாயத் தணிக்கை கிடையாது. ஆபாச வெளியீட்டுச் சட்டத்தை வைத்துத்தான் கடைகளில் சோதனை நடந்தது. படம் அரசு வழக்கறிஞரின் தடைப் பட்டியலில் ஏறியது. கம்பெனி அந்தக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெட்டிய பிரதியைக் கொடுத்தது. இந்தப் படம் மட்டுமல்ல, இதுபோல் பல படங்களால் எழுந்த கூச்சலில்தான் அங்கே வீடியோ பதிவுச் சட்டம் 1984 வந்தது. அதிலிருந்து கேசட்டுக்கும் சான்றிதழ் கட்டாயம். உங்களிடம் உள்ள பிரிட்டிஷ் கேசட்டின் அட்டையில் வயதுச் சான்று முத்திரை இல்லையென்றால், அநேகமாக அது அந்தச் சட்டத்துக்கு முந்திய கேசட்.

சில கேசட்டில் ‘தார்ன் ஈ.எம்.ஐ./ஹெச்.பி.ஓ.’ என்று இருக்கிறதே?

அது அமெரிக்கக் கேசட். அங்கேயும் தார்ன் ஈ.எம்.ஐ. கடை விரித்திருந்தது. 1984-ன் கடைசிவாக்கில் டைம் நிறுவனத்தின் கேபிள் சேனலான ஹெச்.பி.ஓ. அந்தத் தொழிலில் கூட்டுச் சேர்ந்தது. ‘தி டெர்மினேட்டர்’ முதன்முதலில் அமெரிக்காவில் கேசட்டாக வந்தது இந்தப் பெயரில்தான்.

இந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்ட ஒரு படம் நம் ஊர் வழியாகவே போயிருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1984-ல் வந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’. அதில் மராபார் குகைகளுக்குப் போகும் ரயில் காட்சி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் பாதையில் எடுத்தது. கதைப்படி பீகார்ப் பக்கம், பாறைகள் கர்நாடகத்தில், ரயில் மட்டும் நம்முடையது. தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் சட்டத்தைப் பார்த்தாலே மேட்டுப்பாளையத்துக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் படத்துக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தது. படம் எடுத்து முடிந்த சூட்டிலேயே பணம் போட்ட கம்பெனி கைமாறத் தொடங்கிவிட்டது.

ஏன் விற்றார்கள்? எப்போது?

1986 ஏப்ரல். எண்பதுகளின் நடுவில் தார்ன் ஈ.எம்.ஐ.க்குப் பணமுடை. பல்பு, டிவி, பாட்டு, சினிமா, தியேட்டர், வாடகைக் கடை என்று கைவைக்காத தொழில் இல்லை. எதையாவது கழித்துக்கட்ட வேண்டிய நிலை. சினிமாப் பிரிவுக்கு அப்போது தார்ன் ஈ.எம்.ஐ. ஸ்க்ரீன் என்டர்டெயின்மென்ட் என்று பெயர். அதை நடத்திய மேலாளர்களே வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள், பணம் புரளவில்லை. ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ஆலன் பாண்ட் 12.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார். வாங்கிய ஒரு வாரத்தில் 17.5 கோடி பவுண்டுக்கு கேனன் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். கேனன் என்பது மெனாகெம் கோலன், யோரம் குளோபஸ் என்ற இஸ்ரேலிய உறவுக்காரர்கள் இருவரின் கம்பெனி. மலிவு அடிதடிப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியவர்கள். ஸ்டுடியோ, தியேட்டர்கள், 2,000 படங்கள், அவற்றின் வீடியோ உரிமை எல்லாமே அவர்கள் கைக்குப் போயின.

அதே ஆண்டு, ஒரு மாதம் முன்னால், அமெரிக்காவில் டெட் டர்னர் என்ற டிவி முதலாளி எம்.ஜி.எம். படக் கம்பெனியை 150 கோடி டாலருக்கு வாங்கினார். கடன் தாங்காமல் சில மாதத்திலேயே ஸ்டுடியோவையும் பெயரையும் திருப்பி விற்றார். பழைய படங்களை மட்டும் விடவில்லை. அவற்றை வைத்தே பிற்பாடு சேனல்களைக் கட்டினார். டர்னர் பிடித்துக்கொண்டதை தார்ன் ஈ.எம்.ஐ. விட்டது. கேசட் வியாபாரம் பழைய படத்துக்கு இரண்டாவது ஆயுள் கொடுக்கத் தொடங்கிய நேரத்தில், படங்களைக் கைவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் ஊறத் தொடங்கிய வருஷம் தோட்டத்தை விற்ற கதை. அவர்களுக்கு டெக் பற்றியும் தெரியும், தட்டு பற்றியும் தெரியும்; தங்கள் அலமாரியில் இருந்தவற்றின் மதிப்பு மட்டும் தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். டெக் செய்த ஃபெர்குசனையும் அடுத்த ஆண்டே பிரான்சின் தாம்சன் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

அமெரிக்கக் கேசட்டுகளில் பெயர் ‘ஹெச்.பி.ஓ./கேனன் வீடியோ’ ஆனது. கேனனும் விலகிய பிறகு ‘ஹெச்.பி.ஓ. வீடியோ’ மட்டும். ஆக, ‘ஹெச்.பி.ஓ./கேனன்’ என்று போட்ட கேசட் கிடைத்தால் அது 1986, 87-ஐச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அந்தப் பெயர் அவ்வளவு குறுகிய காலம்தான் இருந்தது.

கேனனிடம் போன படங்கள் இப்போது யாரிடம்?

கேனனும் தாக்குப்பிடிக்கவில்லை. 1987-லேயே அந்தப் படத்தொகுப்பை அமெரிக்காவின் வைன்ட்ராப் என்டர்டெயின்மென்டுக்கு விற்றது. 1990-ல் வைன்ட்ராப் திவாலானது. அப்புறம் லூமியர், யு.ஜி.சி. என்று கை மாறி, கடைசியில் பிரான்சின் கனால் பிளஸ் குழுமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தப் பழைய பிரிட்டிஷ் படங்களில் பெரும்பாலானவற்றைப் புதுப்பித்து வெளியிடுவது ஸ்டுடியோகனால். நன்றாகவே செய்கிறார்கள், நெகட்டிவ்வை எடுத்துச் சுத்தம் செய்து, உயர்தரத்தில் கொண்டுவருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: கேசட்டில் பெயர் இருப்பதாலேயே படம் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. தார்ன் ஈ.எம்.ஐ. மற்றவர்கள் படத்தையும் சில ஆண்டு உரிமத்துக்கு வாங்கிக் கேசட் போட்டது. உரிமம் முடிந்ததும் படம் வேறு கம்பெனிப் பெயரில் வரும். ஒரே படத்துக்கு நாலு கம்பெனிக் கேசட் இருப்பது இதனால்தான்.

எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ என்ன ஆனது?

1988-ல் பிரென்ட் வாக்கர் என்ற கம்பெனிக்குப் போனது. இடத்தில் ஒரு பாதியை இடித்து சூப்பர் மார்க்கெட் கட்டினார்கள். மீதியை 1996-ல் உள்ளூர் ஹெர்ட்ஸ்மியர் கவுன்சில் வாங்கிக் காப்பாற்றியது. இன்றும் அங்கே படப்பிடிப்பு நடக்கிறது. நம் கோவையின் சென்ட்ரல் ஸ்டுடியோவையும் பட்சிராஜாவையும் யாராவது இப்படி வாங்கிக் காத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பாட்டு வீடியோக்கள்?

1986 விற்பனையில் அவை கைமாறவில்லை. பிக்சர் மியூசிக் இன்டர்நேஷனல், சுருக்கமாக பி.எம்.ஐ., என்ற பெயரில் ஈ.எம்.ஐ. இசைப் பிரிவு தன் கலைஞர்களின் பாடல் காட்சிகளையும் கச்சேரிகளையும் தனியாகக் கேசட் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பே, 1981-ல், குயீன் குழுவின் பாடல் காட்சிகளைத் தொகுத்து ‘கிரேட்டஸ்ட் ஃபிளிக்ஸ்’ என்று விற்றிருக்கிறார்கள். தார்னும் ஈ.எம்.ஐ.யும் 1996-ல் பிரிந்தன. ஈ.எம்.ஐ.யை 2007-ல் டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. கடன் கட்ட முடியாமல் 2011-ல் சிட்டி வங்கியிடம் இழந்தது. 2012-ல் இசைப் பதிவுகள் யுனிவர்சல் மியூசிக்கிடம் போயின. பார்லஃபோன் லேபிள் மட்டும் 2013-ல் வார்னருக்கு.

அப்போ நம்ம ஊர் ஹெச்.எம்.வி.?

லண்டனில் இந்தக் கலைப்பெல்லாம் நடந்த அதே எண்பதுகளின் நடுவில், கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவில் இருந்த ஈ.எம்.ஐ.யின் பங்கை ஆர்.பி. கோயங்கா குழுமம் வாங்கியது. நாயும் ஹெச்.எம்.வி. பெயரும் கொஞ்ச காலம் தொடர்ந்தன. 2000-ல் கம்பெனிக்கு சரிகம என்று பெயர் மாறியது. பொத்தானை அழுத்தினால் பழைய பாட்டு வரும் அந்த ‘கார்வான்’ ரேடியோப் பெட்டி இவர்களுடையதுதான். ஆகவே உங்களிடம் உள்ள லண்டன் கேசட்டைப் பற்றி சரிகமவிடம் கேட்டுப் பயனில்லை. அந்தப் பங்கு கைமாறி ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகிறது.

மற்ற இசைக் கம்பெனிகளும் வீடியோ நடத்தினவா?

நடத்தின. அமெரிக்காவின் டிவி, இசைக் கம்பெனியான சி.பி.எஸ். முதலில் எம்.ஜி.எம்.முடன் சேர்ந்தது, 1982-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுடன் சேர்ந்து சி.பி.எஸ்./ஃபாக்ஸ் வீடியோ ஆனது. ஆர்.சி.ஏ., கொலம்பியா பிக்சர்ஸுடன் சேர்ந்து ஆர்.சி.ஏ./கொலம்பியா நடத்தியது. 1988-ல் சி.பி.எஸ். ரெக்கார்ட்ஸையும் 1989-ல் கொலம்பியா பிக்சர்ஸையும் சோனி வாங்கியது, பிறகு ஆர்.சி.ஏ. பெயர் உதிர்ந்து 1991-ல் கொலம்பியா டிரைஸ்டார் ஆனது. பாலிகிராம் தொண்ணூறுகளில் படமே எடுத்தது. 1998-ல் அதை கனடாவின் சீகிராம் கம்பெனி வாங்கி, தன்னிடம் இருந்த யுனிவர்சலோடு சேர்த்தது. எல்லாவற்றிலும் ஒரே போக்குதான்: பாட்டுக் கம்பெனி வீடியோ தொடங்கும், படக் கம்பெனியோடு சேரும், கடைசியில் படக்காரர் மட்டும் மிஞ்சுவார்.

எங்களிடம் இருக்கும் கேசட் ஒரிஜினலா, காப்பியா?

மேலே வேறு எதையும் பதிவு செய்யக்கூடாது என்பதற்காகக் கம்பெனிக் கேசட்டில் முதுகுப் பக்கத்தின் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஆரம்பத்திலேயே இருக்காது. வீட்டுக் கேசட்டில் அதை உடைத்திருந்தால் பிசிறு தெரியும். பக்கத்தில் உள்ள சின்ன பட்டனை அழுத்தி மூடியைத் தூக்கிப் பாருங்கள், நாடா தெரியும். லேபிள் அச்சு தெளிவாக இருக்கிறதா, எழுத்தின் ஓரம் மங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் போட்ட அட்டை என்றால் சந்தேகமே வேண்டாம்.

இந்தியக் கேசட்டுக்கு இன்னும் நல்ல அடையாளம் உண்டு. வீடியோ திருட்டைத் தடுக்க 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 52ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி தணிக்கைச் சான்றிதழின் நகல், கேசட் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரிடம் அனுமதி பெற்றதற்கான உறுதிமொழி, உரிமையாளரின் பெயரும் முகவரியும் காட்டியாக வேண்டும். இவை இல்லாத தமிழ்ப்பட கேசட் அதற்குப் பிற்பாடு வந்ததென்றால், முறையாக வந்தது அல்ல.

டிஜிட்டலாக மாற்றி யூடியூபில் போடலாங்களா?

உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் தாராளமாக. கம்பெனிப் படம் என்றால் கூடாது. அதை நான் மாற்றியும் தருவதில்லை. கேசட் பழசாகிவிட்டதே என்பார்கள். கேசட்தான் பழசு, உரிமை பழசாகவில்லை. இந்தியச் சட்டப்படி ஒரு சினிமாவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மேலே சொன்ன டேவிட் லீன் படம் 1984. ஆக இங்கே 2044 முடிய. பிரிட்டனில் கணக்கு வேறு. இயக்குநர், திரைக்கதை, வசனம் எழுதியவர்கள், படத்துக்கென்று இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 ஆண்டு. லீன் 1991-ல் இறந்தார், இசையமைத்த மாரிஸ் ஜார் 2009-ல். அப்படியென்றால் அங்கே 2079 வரை.

எங்க டெக்கில் ஓடுமா?

பிரிட்டிஷ் கேசட் ஓடும். டிவி ஒளிபரப்பில் அவர்களும் பால் (PAL) முறை, நாமும் பால் முறை: விநாடிக்கு 25 படம், 625 கோடு. ‘தார்ன் ஈ.எம்.ஐ./ஹெச்.பி.ஓ.’ போன்ற அமெரிக்கக் கேசட்டுகள் என்.டி.எஸ்.சி.; 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம், நாடா ஓடும் வேகமும் வேறு. சாதாரண இந்திய டெக்கில் போட்டால் படம் உருளும், கறுப்பு வெள்ளையாகும், குரலும் இழுக்கும். மல்டி சிஸ்டம் டெக் வேண்டும்.

போடுவதற்கு முன்னால் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் மேல்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் பூஞ்சை. மலைப்பக்கம் இருந்து வரும் கேசட்டுகளில் இது அதிகம். ஈரோடு, கரூர் போன்ற காய்ந்த ஊர்களிலிருந்து வருவதில் குறைவு. பூஞ்சை உள்ளதை ஓட்டவே கூடாது. டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். மாவு போன்ற அந்த வெள்ளையைத் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் செய்தால் நாடா மடங்கிவிடும்.

பார்க்க முடியாத கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

நாடா போனாலும் அட்டையைப் போடாதீர்கள். எந்த ஆண்டில், எந்த நாட்டில், யார் பெயரில் ஒரு படம் வீட்டுக்கு வந்தது என்பதற்கு பல சமயம் அந்த அட்டையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கம்பெனிகள் கைமாறும்போது பழைய விற்பனைப் பட்டியல்களை யாரும் பொறுப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. முன்பக்கம், முதுகு, பின்பக்கம் மூன்றையும் ஒரே படமாக வருமாறு அட்டையை விரித்து ஸ்கேன் செய்யுங்கள். கேசட்டின் மேல் ஒட்டிய லேபிளைத் தனியாக எடுங்கள். அட்டையும் லேபிளும் வேறு வேறு கம்பெனிப் பெயரில் இருந்தால் கட்டாயம் இரண்டும் வேண்டும், கைமாறிய நேரத்தில் பழைய இருப்புக்குப் புது அட்டை போட்டிருக்கலாம். வரிசை எண், ஆண்டு, பாலா என்.டி.எஸ்.சி.யா, யார் எந்த ஊரில் வாங்கியது என்பதையும் கூடவே குறித்து வையுங்கள். வெயில் படும் அலமாரியில் மட்டும் வேண்டாம், முதலில் சிவப்பு மை வெளுத்துவிடும்.